சயாமுக்குப் போன 31 பேர்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 89 வயது. மலேசியாவில் சிரம்பான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பெரியண்ணனை இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோன கதையைத் தினமும் சொல்கிறார். ஒருநாள் தைப்பூசம் முடிந்த கையோடு என்கிறார், மறுநாள் தீபாவளிக்கு முந்தி என்கிறார். திருத்தினால் கோபம் வருகிறது. பதிவு செய்ய நல்ல செயலி எது? எதைச் சரியென்று எழுதுவது?

ர.

அன்புள்ள ர.,

செயலியை உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். கைபேசியில் இருக்கும் ஒலிப்பதிவே போதும், விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

அன்று ஆறேழு வயதுக் குழந்தையாக இருந்தவரிடம் தேதிக்கு மல்லுக்கட்டுகிறீர்களே, உங்களுக்கு என்ன வந்தது? சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், இரண்டு முனையும் சேர்ந்தது 1943 அக்டோபரில். இதைச் சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தப் பாதையோரக் காஞ்சனபுரி கல்லறையில் நின்றிருக்கிறேன். ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள். வரிசை வரிசையாகக் கல், கல்லில் பெயர், படைப்பிரிவு. கைதிகளைவிடப் பல மடங்கு செத்தவர்கள் நம் தோட்டத்து ஆட்களும் பர்மியர்களும் ஜாவாக்காரர்களும். வாந்திபேதியில் கொத்துக்கொத்தாகப் போனார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கல்லும் இல்லை, பேரேடும் இல்லை. உங்கள் பெரிய மாமாவின் பெயர் இன்று உங்கள் அம்மாவின் வாயில் மட்டும்தான் இருக்கிறது. அந்த வாயைத்தான் நீங்கள் அடைக்கிறீர்கள்.

நானும் அடைத்திருக்கிறேன்.

அப்பா 15 வயதில் அந்த ரயில் பாதைக்குப் போனவர். நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்களாம். கதை தொடங்கும்போதே கைலியை முழங்கால்வரை சுருட்டுவார். மூங்கில் சிராய்த்துப் புண்ணாகி எலும்புவரை அரித்த இடம், முடி முளைக்காமல் வெங்காயச் சருகுபோல மினுங்கும். அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் பேசுவார். “நம்ம லயத்துலருந்து 27 பேரு போனோம்” என்று, தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களைப் பெயர் பெயராகச் சொல்வார். ஒருநாள் 31 என்றார்.

“போன தடவ 27ன்னு சொன்னீங்களேப்பா?”

கைலியை இறக்கிவிட்டார். சாகும்வரை அந்தக் காலை நான் மறுபடி பார்க்கவில்லை.

மிச்ச நாலு பேர் அன்றைக்குத்தான் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளைகளோ. அந்த 27இலேயே எனக்கு ஒன்பது பெயர்தான் இப்போது தேறுகிறது.

அம்மாவிடம் தேதி கேட்காதீர்கள். மாமா என்ன சட்டை போட்டிருந்தார், பாட்டி என்ன கட்டிக்கொடுத்தார், கூடப் போனது யார் யார் என்று கேளுங்கள். பெயர் வந்தால் உடனே எழுதிக்கொள்ளுங்கள், முன்பு சொல்லாத பெயரென்றால் இன்னும் கவனமாக.

இவ்வளவு எழுதியவர், மாமாவின் பெயரை எழுதவில்லை. அடுத்த கடிதத்தை அதில் தொடங்குங்கள்.