விலை கேட்டால் ஏன் தடுமாறுகிறீர்கள்?

ஓவியம், சிற்பம், விளக்கப்படம், கைவினை ஆகியவற்றால் பிழைப்பவர்களும் பிழைக்க விரும்புகிறவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடியே தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக நீர்வண்ண ஓவியம் வரைகிறேன். பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால், "என்ன விலை?" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு நா எழுவதில்லை. வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, அவர் முகம் சற்றே மாறினாலும் உடனே பாதியாகக் குறைத்துவிடுகிறேன். ஓவியத்துக்கு விலை வைக்க முறை ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. உங்கள் தடுமாற்றத்துக்குக் கூச்சம் காரணம் என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போடாததுதான் காரணம் என்பது என் எண்ணம். கையில் கணக்கு இல்லாதவர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டியிருக்கும்.

அண்மையில் முடித்த ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் தூரிகை பிடித்த 9 மணி நேரத்தை மட்டும் சொல்வீர்கள். அதற்கு முன் போட்டுப் பார்த்த வரைவுகளுக்கு 3 மணி, நிறம் கலங்கிப்போய்க் கிழித்துப் போட்ட முதல் தாளுக்கு 2 மணி, தாளை நனைத்துப் பலகையில் ஒட்டிக் காயவைத்தது முதல் ஒளிப்படம் எடுத்தது, ஃப்ரேம் போடக் கொடுத்து வாங்கியது, அட்டை வைத்துப் பொதிந்து அனுப்பியது வரை 4 மணி என்று எல்லாவற்றையும் கூட்டினால் 18 மணி நேரம் வருகிறது. நீங்கள் இதுவரை பாதி உழைப்புக்கு மட்டுமே விலை சொல்லி, அதிலும் பாதியைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்கான குடும்பச் செலவையும் தொழிற்செலவையும் கூட்டி, அந்த ஆண்டில் படைப்புகளுக்கென்று உண்மையில் கிடைக்கும் மணிகளால் வகுத்துவிடுங்கள். ஆண்டுக்கு 2,000 மணி உழைப்பவருக்கும் கடிதம், கணக்கு, பயிற்சி, அலைச்சல் எல்லாம் போக அதில் பாதி மிஞ்சினாலே பெரிது. ஆகவே 1,000-ஆல் வகுப்பது பொருத்தமாக இருக்கும். வரும் தொகையை 18-ஆல் பெருக்கி, பொருட்செலவைச் சேர்த்தால், அதுவே இந்த ஓவியத்தின் அடக்க விலை.

ஒவ்வொரு ஓவியத்துக்கும் இப்படி மணிக்கணக்கில் விலை வைக்க வேண்டாம். ஒன்று 4 மணியில் கைகூடும். இன்னொன்று 40 மணி நேரம் படுத்தும். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது அந்த வேறுபாடு வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் பலர் அளவை வைத்து விலை சொல்கிறார்கள். பரப்பளவைக் கொண்டு கணக்கிட்டால், அகலமும் உயரமும் இருமடங்காகும்போது விலை நான்கு மடங்காகிப் பெரிய ஓவியங்கள் விற்காமல் நின்றுவிடும். அகலத்தையும் உயரத்தையும் கூட்டிக் கணக்கிட்டால் இருமடங்கோடு நிற்கும். எனக்கு இந்த இரண்டாவது முறையே உகந்ததாகத் தோன்றுகிறது. உங்கள் ஓவியத்துக்கு 30-உம் 40-உம் சேர்ந்து 70. அடக்க விலையை 70-ஆல் வகுத்தால் வருவதே ஒரு சென்டிமீட்டருக்கான விலை. அதை ஒரு தாளில் எழுதி ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்திருங்கள்.

கணக்கின்படி வரும் விலையை யாருமே தர முன்வராவிட்டால், மணிக்கூலியைக் குறைப்பதைவிடச் செய்யும் பொருளை மாற்றுவது நல்லது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், பிராங்பர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லருக்காகப் பலிபீட ஓவியம் ஒன்றை வரைந்தபோது முதலில் பேசிய கூலி 130 கில்டர் (அன்றைய பொற்காசு). பல கடிதங்கள் எழுதி வாதாடி 200 கில்டர் பெற்றார். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. இனிமேல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடும் படங்களோடு நின்றுகொள்ளப் போவதாகவும், முன்பே அப்படிச் செய்திருந்தால் இன்று 1,000 கில்டர் கூடுதலாக வைத்திருப்பேன் என்றும் 1509-இல் ஹெல்லருக்கே எழுதினார். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான தாள்களை எடுக்கலாம். அவற்றை அவருடைய மனைவியும் தாயும் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். உங்களுக்கும் அசல் ஓவியங்களோடு, எண்ணிட்டுக் கையொப்பமிட்ட அச்சுப்படிகள் கைகொடுக்கக்கூடும்.

அடுத்த முறை யாராவது விலை கேட்டால் தாளைப் பார்த்துத் தொகையைச் சொல்லுங்கள்; சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல்தான் நம்மில் பலர் பணத்தை இழக்கிறோம். அவருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் சிறிய ஓவியத்தைக் காட்டலாம், ஃப்ரேம் இல்லாமல் தரலாம், தவணை கொடுக்கலாம். விலையை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: சமூக ஊடகத்தில் என்னை 12,000 பேர் பின்தொடர்கிறார்கள். படம் போட்டால் நூற்றுக்கணக்கில் விருப்பக்குறிகள் விழுகின்றன. ஆனால் சென்ற ஆண்டு முழுவதும் விற்றவை இரண்டே படங்கள். என் படங்களில் குறையா?

பதில்: படங்களைக் குறை சொல்வதற்கு முன், கடைசியாக நீங்கள் போட்ட 20 பதிவுகளை முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணோடு பார்த்தேன். ஒன்றில்கூட அந்தப் படம் விற்பனைக்கு உரியது என்ற செய்தி இல்லை. "புதிய படைப்பு, உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள், அவர்களும் கருத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே படத்தின் கீழே, "மழைக்கு முன் கூரைகள். பருத்தித் தாளில் நீர்வண்ணம், 30 × 40 செ.மீ., ஃப்ரேம் இல்லாமல்; விலையும் அனுப்பும் செலவும் கீழே; வாங்க விரும்புவோர் எழுதலாம்" என்று இருந்தால், வாங்க நினைப்பவர் தயங்க வேண்டிய இடம் எதுவும் மிஞ்சாது. விலையைத் தனிச்செய்தியில் கேட்கச் சொல்வது இன்னொரு தடை. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மரியாதையாக இருக்காது என்று எண்ணிப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அந்த 12,000 பேரில் எத்தனை பேர் உங்களைப் போன்ற ஓவியர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தூரிகை வகை, தாளின் எடை, வண்ணக்கலவை பற்றியே எழுதினால் ஓவியர்கள்தாம் வந்து கூடுவார்கள். அவர்கள் நல்ல துணை, ஆனால் அரிதாகவே வாங்குவார்கள். வாங்குபவருக்கு வேண்டியவை வேறு. அந்தப் படம் ஒரு சுவரில் எவ்வளவு பெரிதாகத் தெரியும், எங்கே நின்று வரைந்தீர்கள், வெயில் பட்டால் நிறம் மங்குமா, அஞ்சலில் வந்தால் மடங்காமல் வருமா என்பவற்றை அவர் தெரிந்துகொள்ள விரும்புவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊடகக் கணக்கு உங்களுடையது அன்று. யார் கண்ணில் எது படும் என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது. ஒருநாள் கணக்கு முடங்கினால் 12,000 பேரும் ஒரே இரவில் காணாமல் போவார்கள். ஆகவே, விருப்பமுள்ளவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்கள் இசைவோடு வாங்கி, மாதம் ஒருமுறை சிறு கடிதம் எழுதுங்கள்: இரண்டு படங்கள், அவை உருவான விதம், விலை, அவ்வளவு போதும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தனிக் குறிப்பேடு வையுங்கள். யார், எப்போது, எதை வாங்கினார், எதைப் பார்த்து நெடுநேரம் நின்றார் என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். என் வருமானத்தில் பெரும்பகுதி, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாங்கிய சுமார் 60 பேரிடமிருந்து வருகிறது.

கேள்வி: நல்ல படைப்பு தானாகவே கவனம் பெறும் என்று நம்புகிறேன். தன் படைப்பைத் தானே விளம்பரப்படுத்துவது கலைஞனுக்கு இழுக்கு அல்லவா?

பதில்: உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும், இறந்த பிறகே உலகப் புகழ் பெற்ற டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவைத்தான் சான்றுக்கு அழைப்பார்கள். அவருடைய ஓவியங்கள் தானாகவா கவனம் பெற்றன? வின்சென்ட் 1890-இல் இறந்தார். அவரைத் தாங்கிவந்த தம்பி தியோவும் ஆறு மாதத்தில் இறந்தார். தியோவின் மனைவி யோவுக்கு அப்போது வயது 28; கைக்குழந்தையும், அன்று பெரிய விலைக்குப் போகாத நூற்றுக்கணக்கான ஓவியங்களும் அவரிடம் எஞ்சின. அவர் விமர்சகர்களுக்கு எழுதினார். கண்காட்சிகளுக்கு ஓவியங்களைக் கடன் கொடுத்தார். விற்றவற்றைக் கணக்கேட்டில் குறித்துவந்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சந்தையில் கொட்டாமல் சிறிது சிறிதாக வெளியே விட்டார். 1905-இல் ஆம்ஸ்டர்டாமில் 480-க்கும் மேற்பட்ட படைப்புகளோடு பெருங்கண்காட்சி ஒன்றை நடத்தினார். 1914-இல் சகோதரர்களின் கடிதங்களைப் பதிப்பித்தார். அவர் செய்தது அத்தனையும் விளம்பரப் பணிதான். அப்படியொரு தம்பி மனைவி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதால், அந்தப் பணியை வாழ்நாளிலேயே நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஒரு நிறுவனம் தன் மலருக்குப் படம் கேட்கிறது. பணம் தர இயலாது, ஆனால் உங்கள் பெயர் பலருக்குத் தெரியவரும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அச்சகத்தாருக்குப் பணம் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். தருகிறார்கள் என்றால் மறுத்துவிடுங்கள். நீங்களாக மனமுவந்து உதவ விரும்பும் பணி என்றால், முழு விலையையும் எழுதி, அதே அளவு கழிவையும் காட்டி ஒரு பில் அனுப்பிவிட்டு வரைந்து கொடுங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வரும்போது பேச்சு அந்த முழு விலையிலிருந்து தொடங்கும்.

கேள்வி: என்னிடம் ஓவியம் வாங்கிய ஒருவர் அதை நாட்காட்டியில் அச்சிட்டு விற்கிறார். பணம் கொடுத்து வாங்கிவிட்டேன், இனி அது என் பொருள் என்கிறார். அது சரியா?

பதில்: அவர் வாங்கியது அந்த ஒரு தாளை. படியெடுக்கும் உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலொழிய அது உங்களிடமே இருக்கும் என்பதே பெரும்பாலான நாடுகளின் சட்டம். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில், பதிவு எதுவும் செய்யாமலே, படைத்த கணத்திலிருந்து பதிப்புரிமை உண்டு. படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். மாதச் சம்பளத்துக்கு வரைந்தவை மட்டும் பல நாடுகளில் இதற்கு விலக்கு. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் தம் படங்களைத் திருட்டுத்தனமாக அச்சிட்டவர்களால் வெறுத்துப்போய், நாடாளுமன்றத்தில் முறையிட்டு 1735-இல் ஒரு சட்டமே கொண்டுவரச் செய்தார். அது நடப்புக்கு வரும்வரை தம் அடுத்த படத்தொடரை வெளியிடாமல் நிறுத்தியும் வைத்தார்.

நீங்கள் முதலில் சினமில்லாத ஒரு கடிதம் எழுதி, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையைக் கேட்டு, அதற்கான கட்டணத்தைக் குறிப்பிடுங்கள். தேதியுள்ள வரைவுகளையும் ஒளிப்படங்களையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பணியாவிட்டால் வழக்கறிஞரிடம் போகலாம். இனி விற்கும்போது, படியெடுக்கும் உரிமை இந்த விற்பனையில் அடங்காது என்ற ஒரு வரியைப் பில்லில் சேர்த்துவிடுங்கள். என் இளமையில் ஒரு பதிப்பகத்துக்கு வாய்ப்பேச்சை நம்பி அட்டைப்படம் ஒன்று வரைந்து கொடுத்தேன். அது பிற்பாடு மூன்று வேறு நூல்களின் அட்டையிலும் ஒரு பையிலும் வந்தது. எதற்கு, எத்தனை படி, எவ்வளவு காலம் என்ற மூன்றையும் எழுதி வாங்காதது என் தவறு.

கேள்வி: கலைக்கூடம் ஒன்று விற்பனை விலையில் பாதியைக் கமிஷனாகக் கேட்கிறது. இது கொள்ளை இல்லையா?

பதில்: 40 முதல் 50 விழுக்காடு வரை கேட்பது உலகெங்கும் வழக்கம். வாங்கக்கூடியவர்களை அழைத்துவந்து நிறுத்தும் கூடமாக இருந்தால் அது நியாயமே; வெறும் சுவரை வாடகைக்கு விடும் கூடமாக இருந்தால் அதிகம். விழுக்காட்டைவிட, ஃப்ரேம் செலவு யாருடையது, படம் சேதமானால் யார் பொறுப்பு, தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கில் கழியும், விற்ற எத்தனை நாளில் பணம் வரும் என்பவையே முக்கியம். கொடுத்த படங்களின் பட்டியலில் கையொப்பம் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். கூடத்தில் தொங்கும் படத்தை வீட்டில் குறைந்த விலைக்கு விற்கவும் செய்யாதீர்கள்; அந்தச் செய்தி விரைவில் பரவும்.

கேள்வி: அலுவலக வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கலைஞராகிவிடலாமா?

பதில்: ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருப்பும், ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு வகையில் வேலை தரும் நான்கைந்து பேரும் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம், வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒருவரிடமிருந்து வருகிறது என்றால் இன்னும் காத்திருங்கள், அவர் கைவிட்ட அன்றே நீங்கள் வேலையற்றவராகிவிடுவீர்கள். அதற்கு முன் அலுவலகத்தில் பகுதிநேரம் தருவார்களா என்று கேளுங்கள். வேறு வேலை பார்ப்பதால் கலைஞர் என்ற பெயருக்குக் குறைவு வந்துவிடாது. அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 41 வயது வரை குழாய் பழுதுபார்த்தும் டாக்சி ஓட்டியும் பிழைத்தார். 1976-இல் அவருடைய இசை நாடகம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஒபேரா அரங்கில் மேடையேறிய பிறகும் டாக்சியை விடவில்லை. ஒருநாள் பின்னிருக்கையில் இருந்த பெண்மணி, வண்டியில் மாட்டியிருந்த ஓட்டுநர் பெயரைப் படித்துவிட்டு, "தம்பி, புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவரின் பெயரும் உங்கள் பெயரும் ஒன்றுதான், தெரியுமா?" என்று கேட்டாராம்.