பேசாத பெண் கவுன்சலர் ஆகலாமா?

அன்புள்ள ஐயா,

"நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே மாட்டாள், இவள் எப்படி அடுத்தவருக்கு ஆலோசனை சொல்வாள்?" என்று, ஆலோசனை உளவியல் படிக்க விரும்பும் உங்கள் மகளைப் பற்றித் தொலைபேசியில் கேட்டீர்கள். கூடவே, "ஆனால் ரொம்ப இளகிய மனசு, யார் அழுதாலும் இவளும் அழுதுவிடுவாள்" என்று பெருமையாகவும் சொன்னீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கவலைப்பட வேண்டியதும் பெருமைப்பட வேண்டியதும் இடம் மாறிவிட்டதாகத் தோன்றுகிறது.

ஆலோசனை உளவியல் முதுகலைச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வுகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை, அரியர் விழுந்த மாணவியாக எங்கள் சக ஆசிரியை நடித்தார். முதலில் வந்தவர் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். இரண்டே நிமிடத்தில் "இதெல்லாம் சகஜம், கவலைப்படாதே" என்று தொடங்கிவிட்டார். முடிந்ததும், "அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று கேட்டோம். பாதிகூட அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அதைச் சுட்டிக்காட்டியபோது, நேரம் போதவில்லை என்று வாதாடினார். அடுத்து வந்த பெண் அரை நிமிடம் பேசவே இல்லை. பிறகு மெல்ல, "வீட்டில் இன்னும் சொல்லவில்லையா?" என்றாள். நடித்துக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நடிப்பை மறந்துவிட்டார்.

இது என் சொந்த ரசனை மட்டுமல்ல. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பல்கலைக்கழக ஆலோசனை மையம் ஒன்றின் 25 சிகிச்சையாளர்களுக்கு, சமாளிக்கக் கடினமானவர்கள் பேசும் வீடியோக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பதில்களில் நல்ல மதிப்பெண் பெற்ற சிகிச்சையாளர்களிடம் உதவி தேடி வந்தவர்களே கூடுதலாக மனம் தேறினார்கள். தங்கள் சமூகத் திறன் பற்றிச் சிகிச்சையாளர்களே நிரப்பிக் கொடுத்த படிவத்தின் மதிப்பெண் எதையும் கணித்துச் சொல்லவில்லை. ஆகவே கலகலப்பு இல்லையே என்று வருந்தாதீர்கள்.

அழுகைதான் யோசிக்க வேண்டிய விஷயம். எதிரில் இருப்பவர் அழும்போது இவளும் உடைந்தால், வந்தவர் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவளைத் தேற்ற வேண்டியிருக்கும். 1957இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: அடுத்தவரின் உலகத்தைத் தன்னுடையது போல உணர வேண்டும், ஆனால் அந்தப் 'போல' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பயிற்சியில் இது கைகூடும். அதற்கு, தன் அமர்வின் பதிவை மேற்பார்வையாளர் போட்டுக் காட்டித் திருத்தும்போது முகம் சுளிக்காமல் கேட்கும் குணம் வேண்டும். வீட்டில் அவளுடைய தவற்றைச் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறாள்? என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. எம்.எஸ்ஸி. முடித்ததும் 'மருத்துவ உளவியலாளர்' என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் தேவை. உறவினர்களிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். (நம் ஊரில் கவுன்சலிங் என்றாலே இன்ஜினியரிங் சீட்தான். எப்படியும் அதைத்தான் கேட்பார்கள்.)

அடுத்த முறை அவளே எனக்குத் தொலைபேசியில் பேசட்டும். நேரில் வரும்போது நீங்களும் வாருங்கள். வெளி அறையில் செய்தித்தாள் இருக்கிறது.