டோம் என்னும் இருவர் குழு: கேள்வி பதில்

கேள்வி: வயர் குழுவை அறிவேன், டோம் என்ற பெயர் எனக்குப் புதிது. இவர்கள் யார்?

பதில்: ஆங்கிலேய பங்க் ராக் குழுவான வயரில் கித்தார் வாசித்த புரூஸ் கில்பர்ட்டும் பேஸ் கித்தார் வாசித்த கிரஹாம் லூயிஸும் லண்டனில் அமைத்த குழுவே டோம். 1977 முதல் 1979 வரை ஆண்டுக்கு ஓர் ஆல்பம் வெளியிட்ட வயர் 1980இல் கலைந்தபோது, பாடகர் காலின் நியூமன் அக்குழுவுக்கென எழுதிய பாடல்கள் சிலவற்றைத் தம் தனி ஆல்பத்தில் சேர்த்துக்கொள்ள, இவர்களோ பாட்டு என்ற வடிவத்தையே விட்டு விலகினர். டோமை வயரின் மிச்சம் மீதி என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஒலிப்பதிவுக்கூடமே இவர்களின் வாத்தியம் என்கிறார்களே, அதன் பொருள் என்ன?

பதில்: மெட்டமைத்து, ஒத்திகை பார்த்து, பிறகு பதிவுசெய்வதே வழக்கம். இவர்கள் கூடத்துக்குள் நுழைந்த பிறகே வேலையைத் தொடங்கினர். ஒரு கித்தார் ஒலியையோ ஒரு குரலையோ நாடாவில் பதிந்து, அதைச் சுழலவிட்டு, சிதைத்து, அதன்மேல் அடுத்ததை அடுக்கினர். அதற்கு வாய்த்த இடம், வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய பிளாக்விங் கூடம்; வாய்த்த துணை, அங்கிருந்த ஒலிப்பதிவாளர் எரிக் ராட்கிளிஃப். மின்னிசைப் பாப் குழுவான டெபெஷ் மோடின் முதல் ஆல்பம் பதிவானதும் இங்கேதான் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

கேள்வி: எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1980இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து. அதில் ஏஞ்சலா கான்வே பாடும் ‘க்ருவெல் வென் கம்ப்ளீட்’ புதியவரையும் ஈர்க்கும். மூன்றாவது ஆல்பத்தைப் பிறகு கேளுங்கள். அதன் தலைப்புகளே பெரும்பாலும் பொருளற்ற அசைகள்.

கேள்வி: இதை இசை என்பது தகுமா? எனக்கு இயந்திரச் சத்தமாகவே கேட்கிறது.

பதில்: சத்தம்தான், ஆனால் எங்கே நிறுத்துவது என்று அறிந்தவர்கள் எழுப்பிய சத்தம்.

கேள்வி: வேறு பெயர்களிலும் இயங்கினார்களா?

பதில்: ஆம். 1980இல் கியூபோல் என்ற பெயரில் ஃபோர்ஏடி நிறுவனத்துக்கு ஓர் இசைத்தட்டு தந்தனர். 1981இல் லண்டன் வாட்டர்லூ காட்சிக்கூடத்தில், ஓவியர் ரஸ்ஸல் மில்ஸுடன் சேர்ந்து, அங்கே கிடைத்த பொருள்களைக் கொண்டே ஒலிக்கருவிகள் அமைத்து, வந்தவர்களையும் வாசிக்கவிட்டனர். மியூட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் டேனியல் மில்லருடன் இணைந்தபோது வைத்துக்கொண்ட பெயர் டூயட் எம்மோ. டோம், மியூட் என்னும் இரு சொற்களின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அப்பெயர் வரும்.

டோம் என்ற அதே பெயரில் இவர்கள் நடத்திய இசைத்தட்டு நிறுவனம் பிறர் இசையையும் வெளியிட்டது. பழைய கதவொன்றில் நரம்புகளைக் கட்டித் தாமே செய்த கருவியைத் தெருவில் வாசித்துவந்த அயர்லாந்துக் கலைஞர் மைக்கேல் ஓ’ஷேயின் 1982 ஆல்பம் அவற்றுள் ஒன்று. டோமின் எந்த ஆல்பத்தையும்விட அதையே நான் அடிக்கடி கேட்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இந்தக் கூட்டணி ஏன் நின்றது?

பதில்: சண்டையால் அன்று. 1980களின் நடுவில் வயர் மீண்டும் கூடியதும் இருவரின் உழைப்பும் அங்கே திரும்பியது. கில்பர்ட் 2004இல் வயரைவிட்டு விலகினார், லூயிஸ் தொடர்ந்தார். டோம் ஆல்பங்களை 2011இல் ஆஸ்திரியாவின் எடிஷன்ஸ் மேகோ நிறுவனம் ஒரே பெட்டியாக மறுபதிப்புச் செய்தது. முதல் பதிப்புகளைத் தேடி அலைவதைவிட அதை வாங்குவதே நலம்.