ஆயர் பாட்டெழுதலாமா?

கேள்வி: எங்கள் சபையின் ஆயர் அடிக்கடி புதுப் பாட்டு எழுதி ஆராதனையில் பாட வைக்கிறார். பாட்டெழுதுவது கவிஞர்களின் வேலை; ஆயருக்குப் பிரசங்கமும் வீடு சந்திப்பும் போதாதா? முற்காலத்துப் போதகர்களும் இதை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகத்தானே செய்தார்கள்? சபைக் கமிட்டியில் இதைப் பேசலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர் ஒருவர், தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் ஞாயிறுதோறும் பாடும் பாட்டுகளில் எத்தனை பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்தவை என்று பார்த்திருந்தால், ‘பொழுதுபோக்கு’ என்று எழுதக் கை வந்திருக்காது.

‘அமேசிங் கிரேஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஆல்னி என்னும் சிற்றூரில் குருவாக இருந்த ஜான் நியூட்டன், 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் பிரசங்கத்துக்காக எழுதியது அது. ‘நான் எம்மாத்திரம், என் வீடு எம்மாத்திரம்’ என்று தாவீது கர்த்தரிடம் கேட்கும் முதலாம் நாளாகமப் பகுதிதான் அன்றைய வசனம். ஒரு காலத்தில் அடிமைக் கப்பலுக்குத் தலைவராக இருந்த மனிதர், சரிகைப் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழை மக்களுக்கு அந்த வசனம் மனத்தில் தங்க வேண்டும் என்று எழுதினார். 1779இல் அவரும் வில்லியம் கூப்பரும் வெளியிட்ட தொகுப்பில் 348 பாட்டுகள் இருந்தன. அதன் முதல் பகுதி முழுவதும் வேத வசனங்களின் வரிசையிலேயே அமைந்தது.

அமெரிக்காவின் ஜோசப் கில்மோர் கதை இதைவிடத் தெளிவானது. 1862ஆம் ஆண்டு மார்ச்சில், அந்நாட்டின் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிலடெல்பியாவின் பாப்திஸ்து ஆலயம் ஒன்றில் அவர் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை விளக்கினார். கூட்டம் முடிந்து டீக்கன் ஒருவர் வீட்டில் அதே பொருளைப் பேசிக்கொண்டிருக்கையில், பிரசங்கக் குறிப்பு எழுதியிருந்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பாட்டை எழுதி, மனைவியிடம் கொடுத்துவிட்டு மறந்தும்போனார். அந்த அம்மையார் அவருக்குத் தெரியாமலே அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு, ராச்செஸ்டர் நகரத்துச் சபை ஒன்றில் பிரசங்கிக்கச் சென்றவர், அங்கிருந்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தம் வரிகள் மெட்டோடு அச்சாகியிருப்பதைக் கண்டார். ஒரே தாளின் முன்பக்கம் பிரசங்கம், பின்பக்கம் பாட்டு. இதில் எதை ஊழியம் என்றும் எதைப் பொழுதுபோக்கு என்றும் பிரிப்பீர்கள்?

அதே பிலடெல்பியாவில் ஓர் ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் பணியாளராக இருந்து, பின்னாளில் அந்தச் சபைக்கே போதகரான கறுப்பின மெதடிஸ்ட் ஊழியர் சார்ல்ஸ் ஆல்பர்ட் டின்ட்லி, தம் முயற்சியாலேயே எழுதப் படிக்கக் கற்றவர். வேலை தேடி வந்து பட்டினி கிடந்தவர்களுக்கு அவருடைய ஆலயம் சோறும் போட்டது, பாட்டும் கொடுத்தது. வாழ்க்கையின் புயலில் என்னோடு நில்லும் என்று கெஞ்சும் அவருடைய 1905ஆம் ஆண்டுப் பாட்டில், அந்தச் சபையாரின் துயரம்தான் விண்ணப்பமாகியிருக்கிறது. வீடு சந்திக்காத போதகரால் அப்படி எழுதியிருக்க முடியாது.

இத்தனை தூரம் போவானேன்? உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய வேப்பேரியில், 1742 முதல் 1791இல் இறக்கும் வரை சென்னையையே தம் ஊராகக் கொண்டிருந்த ஜெர்மானிய லுத்தரன் ஊழியர் ஜோஹன் பிலிப் பெப்ரிஷியஸ் இருந்தார். புரசைவாக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் அவரைப் பார்த்திருப்பீர்கள். போர்க் காலத்தில் பழவேற்காட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. முதுமையில், பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்து சிறைக்கும் போனார். பண விஷயத்தில் அவர் தவறியதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் அகராதிக்கும் செலவிட்ட அதே பொறுமையை அவர் பாட்டுகளுக்கும் செலவிட்டார். ஜெர்மானிய மெட்டு அசையாமல் நிற்க, அதற்குள் தமிழ்ச் சீர்களை அடக்குவது லேசான வேலையன்று. சில இடங்களில் தமிழ் இறுகித்தான் போயிருக்கிறது. இருந்தும் லுத்தரன் சபையார் அவருடைய ஞானப்பாட்டுகளை இன்றும் பாடுகிறார்கள். அவருடைய பிரசங்கங்களில் ஒன்றையாவது நினைவிலிருந்து சொல்லக்கூடியவர் யார்?

உங்கள் ஆயர் வீடு சந்திப்பதில்லை என்றால் அது தனிக் குறை. அதைத் தாராளமாகக் கமிட்டியில் சொல்லுங்கள், பாட்டின் மேல் ஏற்றாதீர்கள். அவர் எழுதும் பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான். வசனத்தை எட்டாத, கேட்ட சொற்களையே திரும்பத் திரும்ப அடுக்கும் பாட்டுகள் இப்போது பெருகிவிட்டன என்பதில் எனக்கும் மனவருத்தம் உண்டு. ஆகவே கமிட்டிக்குப் போகுமுன் அவருடைய பாட்டு ஒன்றை அந்த வாரப் பிரசங்க வசனத்துக்கு அருகில் வைத்து, மெட்டில்லாமல் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எந்த வரி வசனத்துக்குப் பொருந்தவில்லை என்று குறித்து, முதலில் அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.