குதிரை வாங்குவோர் கேள்வி-பதில்: கயிற்றைத் தளர்த்திப் பாருங்கள்

கேள்வி (மீனாட்சிபுரம்): காது நுனி இரண்டும் தொட்டுக்கொண்டால் அசல் மார்வாரி இனக் குதிரைதானே?

பதில்: கத்தியவாரி இனத்துக்கும் காது அப்படித்தான் வளையும். காதுக்காக விலையை ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஐயா, அந்தியூர் ஆடிச் சந்தையில் ஐந்து வயதுக் குதிரை வாங்கினேன். லகானைப் பிடித்தாலே தலையை வானத்துக்குத் தூக்குகிறது. ஏறி உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும் போலக் குலுக்குகிறது. பழக்கினால் சரியாகும் என்கிறார் விற்றவர். ஆகுமா?

பதில்: பாதி ஆகும், பாதி ஆகாது தம்பி. கழுத்தின் அடிப்பக்கம் புடைத்து, மேல்பக்கம் முதுகு மேட்டுக்கு (கழுத்தும் முதுகும் சேரும் இடம்) முன்னால் குழிந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். அப்படி இருந்தால் தலையைத் தூக்குவதுதான் அதற்குச் சுலபம். தலை மேலே போனதும் முதுகு பள்ளமாகும், பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வராது, நடை குலுங்கும். கயிற்றின்மேல் நடப்பவன் கையில் இருக்கும் கழி போலக் குதிரைக்குக் கழுத்து. அதை வைத்துத்தான் உடம்பை நிதானப்படுத்துகிறது.

எலும்பு வாகை யாராலும் மாற்ற முடியாது. மேல்தசை வற்றியதால் வந்த குழி என்றால் நல்ல தீவனம் கொடுத்து, லகானை நீளமாக விட்டு, தலையைத் தாழ்த்தி நடக்கப் பழக்குங்கள். சில மாதங்களில் தேறும். அதற்கு முன் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் வாயைக் காட்டுங்கள். கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழித்தாலும் தலையைத் தூக்கும்.

சந்தையில் நடக்கும் ஒரு வேலை எனக்கு வயிற்றெரிச்சல். தரகர் தாடைக்கு அடியில் கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலையைத் தூக்கிக் காட்டுவார். எந்தக் கழுத்தும் அப்போது வில்லாக வளையும். நான் வாங்கிய சாம்பல் நிறப் பெண் குதிரையையும் இப்படித்தான் காட்டினார்கள். வீட்டில் கயிற்றை அவிழ்த்ததும் கழுத்து முன்னால் தாழ்ந்து தொங்கியது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்காலில்தான் இருக்கும். நெஞ்சில் தாழ்வாக இறங்கிய கனத்த கழுத்து, ஓடும்போது அந்தப் பாரத்தை இன்னும் முன்னால் தள்ளும். அவள் சின்னக் கல்லுக்கும் இடறினாள்.

ஆகவே கயிற்றைத் தளரவிடச் சொல்லுங்கள். தலை தானாக எங்கே நிற்கிறது? அப்புறம் நடக்கவிட்டு, பெருநடையில் (மெல்லோட்டத்தில்) ஓடவிடச் சொல்லுங்கள். நடக்கும்போது தலை ஆடுவது இயல்பு. பெருநடையில் தலை ஏறி இறங்கினால் முன்னங்காலில் நொண்டல் இருக்கலாம்: வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும். தளர்த்த மறுக்கிறாரா? பணத்தை மடியிலேயே வையுங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): வாட்ஸ்அப் வீடியோ பார்த்து முழுப் பணமும் அனுப்பினேன். வந்த குதிரைக்குக் கழுத்து குட்டை. திருப்பித் தருவார்களா?

பதில்: வீடியோவில் தெரிந்த கழுத்துதானே வந்திருக்கிறது? வேறு குதிரையை அனுப்பியிருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கேட்க வழியில்லை.

கேள்வி (மலம்புழா): சவாரிக்கு விட்டுப் பிழைக்கிறேன். வியாபாரி 'குறையில்லை' என்று எழுதிக் கொடுத்த குதிரை, கொஞ்சம் ஓடினாலே மூச்சு இழுக்கும்போது இரைகிறது. கடன் வாங்கிக் கட்டிய பணம் ஐயா.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது; மூக்கும் தொண்டையும்தான் வழி. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இடம் நெருக்கமாக இருந்தால் தலையை மடக்கும்போது இரையலாம். குரல்வளை நரம்பு கெட்டாலும் இரையும். நின்ற குதிரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் மருத்துவரிடம் எழுத்தில் சான்று வாங்குங்கள். வியாபாரி எழுதிக் கொடுத்த சீட்டோடு பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க விடுகிறது. சொந்தப் பிழைப்புக்கு வாங்கியது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். குதிரைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். விவரத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். விடாதீர்கள்.

கேள்வி (சித்தூர், பாலக்காடு): ரேக்ளாவுக்குக் குட்டைத் தடிக் கழுத்து மட்டக்குதிரை ஆகுமா?

பதில்: பாரம் இழுக்க ஆகும். பந்தயத்துக்கு வேண்டாம். முன்னங்காலை முன்னால் கொண்டுபோகும் தசை கழுத்திலிருந்துதான் இறங்குகிறது. கழுத்து குட்டையானால் பெரும்பாலும் எடுத்து வைக்கும் அடியும் குட்டை. தலையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு கழுத்து இருக்கிறதா என்று கயிறு போட்டு அளந்துவிட்டு விலை பேசுங்கள்.