வாசகர் கேள்வி: ஜாஸை எங்கே தொடங்க?

கேள்வி: அம்மன் கோவில் கொடையில் விடிய விடிய நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த ஆள் நான். மகன் எந்நேரமும் ஜாஸ் கச்சேரி வீடியோ பார்க்கிறான், எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதில் தொடங்கலாம்?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, மேளம் கேட்ட காதுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. முதலில் 1958-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பெர்ட் ஸ்டெர்ன் எடுத்த ‘ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே’ ஆவணப்படத்தைப் பாருங்கள். அகலத் தொப்பி, வெள்ளைக் கையுறையோடு பாடகி அனிதா ஓ'டே மேடையேறி, ட்ரம்ஸை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்கி, சொற்களை உடைத்து உடைத்துத் தாளத்தோடு விளையாடுவார்; ஸ்டெர்ன் புகைப்படக்காரர் என்பதால் கேமரா பாதி நேரம் கூட்டத்தின் முகத்தில்தான் நிற்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ட்ரம்பெட் வாசித்துப் பாடும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் உண்டு.

அப்புறம் 1964 ஏப்ரலில் நார்வே தொலைக்காட்சி படம்பிடித்த, பேஸ் வாசிக்கும் சார்லஸ் மிங்கஸ் குழுவின் ஆஸ்லோ கச்சேரி. அந்தக் குழுவின் எரிக் டால்ஃபி பேஸ் கிளாரினெட்டை (தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும் பெரிய கிளாரினெட்) எடுத்ததும் மகனைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். முதலில் மெட்டு, பிறகு அதன்மேல் ஒவ்வொருவராகக் கற்பனை, நம்மூர் தனி ஆவர்த்தனம் மாதிரிதான். அதே ஆண்டு ஜூனில் டால்ஃபி இறந்துபோனார், வயது 36.

போனின் குட்டி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸின் தாழ்ந்த சுரங்கள் காதில் விழவே விழாது.