ஃபாக்ஸ் ஏன் உள்ளே போக மறுக்கிறான்?

ஃபால்அவுட் 3 வீடியோ கேமின் முடிவை ஏன் நம்ப முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு உங்கள் கற்பனையில் இல்லை. கதை தன் விதியைத் தானே மீறுகிறது. அதில் வரும் ராட்சதத் தேள்களை நம்பிய உங்களால் முடிவை நம்ப முடியாததற்குக் காரணம், உங்களுக்குத் துணையாக வரும் ஃபாக்ஸ் என்ற பாத்திரம். கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. வால்ட் 87 என்ற நிலத்தடிப் புகலிடத்தில் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் உங்களுக்காகப் போய் வந்தவனே அவன்தான். கடைசியில், உயிரைப் பறிக்கும் கதிர்வீச்சு அறைக்குள் யாராவது போயே ஆக வேண்டும் என்னும்போது மட்டும் ஒதுங்கிவிடுகிறான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் சுடலைமாடனின் அற்புதங்களை விடிய விடிய நம்பிக் கேட்போம். முன்னிரவில் பாடிய வரத்தை வில்லுப்பாட்டுக்காரர் பின்னிரவில் மறந்தால் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

2009-இல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் இணைப்பு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முடிவுக்கு முந்தைய சேமிப்பைத் திறந்து ஃபாக்ஸுடன் போங்கள்; அவனை அனுப்பலாம்.

ஆனால் கேமின் நிறைவுரை அப்போதும், நீங்களே போகவில்லை என்று உங்களைத்தான் குறை சொல்லும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.